வெற்றிலைக்கு எது பக்கம்: திருச்சியா, சென்னையா?

ராஜகிரி பக்கம் ஒரு கொடிக்காலில் வேரழுகல் பார்க்கப் போயிருந்தேன். நோயைப் பற்றிப் பேசி முடித்ததும் கொடிக்காலுக்குச் சொந்தக்காரர் வேறொரு கேள்வியைப் போட்டார். "சார், தஞ்சாவூருக்குப் பிளேன் வந்துடுச்சுன்னா நம்ம வெத்தலை நேரா சிங்கப்பூர் போயிடுமா?"

2025இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து இந்தக் கேள்வியை அய்யம்பேட்டை, பண்டாரவாடை, சுவாமிமலை என்று பல இடங்களில் கேட்கிறேன். சில மாதங்களுக்கு ஒருமுறை தஞ்சாவூர் விமான நிலையம் பற்றிச் செய்தி வருகிறது. வந்ததும் ஊரில் பேச்சு கிளம்புகிறது. பேச்சோடு நின்றால் பரவாயில்லை. அதை நம்பி அகத்தி விதைத்துப் புதிதாகக் கொடிக்கால் போடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கொடிக்கால் போடுவது சில ஆண்டுகளுக்கான முதலீடு. எனவே விமான நிலையத்தின் தூரக் கணக்கை ஒரு வேளாண் கணக்காகவே போட்டுப் பார்ப்பது நல்லது.

தஞ்சாவூரில் ஓடுபாதை புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்டது அது. இடையில் வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் வந்து போன காலமும் உண்டு. 2013 மே மாதம் முழுமையான விமானப்படைத் தளமாகத் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானங்கள் கொண்ட படைப்பிரிவு இங்கே நிறுத்தப்பட்டது. மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேலம், வேலூர், நெய்வேலி, ராமநாதபுரத்தோடு தஞ்சாவூரும் இடம்பெற்றது. திட்டத்தின் நோக்கம் சிற்றூர்களுக்குப் பயணிகள் விமானம் விடுவது. விமானப்படையின் ஓடுபாதையைப் பயன்படுத்திக்கொண்டு, பக்கத்தில் பயணிகளுக்கென்று ஒரு முனையம் கட்டிக்கொள்வதுதான் தஞ்சாவூருக்கான யோசனை.

நேர்க்கோட்டில் 43 கி.மீ.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 43 கி.மீ. சாலை வழியாகப் போனால் 55 முதல் 60 கி.மீ. ஜெட் விமானம் மேலேறி முடிப்பதற்குள்ளேயே இந்தத் தூரம் கடந்துவிடும். எனவே இவ்விரண்டுக்கும் இடையே விமானம் பறக்கப் போவதில்லை. ஒன்றுக்கொன்று துணையாக இருப்பதை விட, ஒரே பயணிக்காகப் போட்டி போடும் நிலையங்களாகவே இவை இருக்கும்.

இந்த நேர்க்கோட்டுத் தூரத்துக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 2008ஆம் ஆண்டின் புதிய விமான நிலையக் கொள்கைப்படி, இயங்கிக்கொண்டிருக்கும் விமான நிலையத்திலிருந்து 150 கி.மீ. வான்வழித் தூரத்துக்குள் இன்னொன்றைப் புதிதாக அமைப்பதென்றால், பழைய நிலையத்துக்கு என்ன பாதிப்பு என்று ஆராய்ந்து மத்திய அரசு தனியாக முடிவெடுக்க வேண்டும். ஓசூரில் விமான நிலையம் என்ற அறிவிப்பு 2024இல் வந்தபோது எழுந்த சிக்கலும் இந்த 150 கி.மீ.தான். அங்கே கொள்கையோடு ஒப்பந்தமும் சேர்ந்துகொண்டது. பெங்களூரு விமான நிலையத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில், 2033 வரை அந்தச் சுற்றளவுக்குள் போட்டி நிலையம் கூடாது என்று இருக்கிறது. ஓசூரோ நேர்க்கோட்டில் 60 கி.மீ. கூட இல்லை. தஞ்சாவூர் ஏற்கெனவே இருக்கும் ராணுவத் தளம் என்பதால் அதை அந்தக் கொள்கைக்குள் அப்படியே அடைக்க முடியாது. ஆனால் கொள்கைக்குப் பின்னால் இருக்கும் கேள்வி இங்கேயும் பொருந்தும்: 43 கி.மீ. தள்ளி, 44 லட்சம் பயணிகளைக் கையாளும் அளவுக்கு 2024இல் புது முனையம் திறந்த திருச்சி இருக்கும்போது, தஞ்சாவூரில் எந்த விமானம் இறங்கும்?

இறங்கினால் 19 இருக்கை விமானமோ, அதிகம் போனால் 70 சொச்சம் இருக்கைகள் கொண்ட ஏடிஆர் விமானமோதான். சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும். அதன் அடிவயிற்றில் பயணிகளின் பெட்டிகள் போக மிஞ்சும் இடம் மிகக் குறைவு. வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் சுங்கத்துறை வேண்டும், பயிர்த் தொற்றுத்தடுப்பு அலுவலகம் வேண்டும், சரக்கு முனையம் வேண்டும். ராணுவத் தளத்துக்குள் இவ்வளவும் அமைவது லேசில் நடக்காது. கும்பகோணத்தில் ஏற்றிய வெற்றிலை தஞ்சாவூரில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, இன்னொரு விமானத்துக்காகக் காத்திருப்பதை விட, வேனில் நேராகச் சென்னைக்கே போய்விடலாம்.

சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் விமானம் வந்தது. 2021இல் நின்றுபோனது. 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. உடான் மானியம் ஒரு தடத்துக்கு மூன்றாண்டுகள்தான். அதன்பின் பயணிகள் இருந்தால் விமானம் இருக்கும். தஞ்சாவூருக்கு விமானம் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய கோயில் பார்க்க வருகிறவர்களுக்கும் மருத்துவத்துக்காக அலைகிறவர்களுக்கும் அது உதவும். வெற்றிலைக்கு உதவும் என்று சொல்லும் இடத்தில்தான் நான் நிற்கிறேன்.

இலைக்குக் கிலோமீட்டர் தெரியாது

கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்க்கோட்டில் 77 கி.மீ. சாலையில் 95 கி.மீ. அளவில் வரும். சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 240 கி.மீ. சாலையில் 270 முதல் 280 கி.மீ. ஆக, திருச்சிதான் பக்கம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் டெல்டாவின் இலையும் பூவும் காயும் கணிசமாகச் சென்னைக்கே போய் அங்கிருந்துதான் விமானம் ஏறுகின்றன. ஏன் என்பதற்கு வியாபாரிகளிடம் பல பதில்கள் உண்டு. பயிரியல் படித்தவன் என்ற முறையில் நான் இலையிடமிருந்து தொடங்குகிறேன்.

கிள்ளிய பிறகும் வெற்றிலை உயிரோடுதான் இருக்கிறது. சுவாசிக்கிறது, நீரை இழக்கிறது, தன்னிடமுள்ள சர்க்கரையைத் தானே எரித்துக்கொள்கிறது. எரிக்கும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சுவாச வேகம் ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்காகும் என்பது அறுவடைக்குப் பிந்தைய பாடத்தின் முதல் பக்கம். குறைந்தபட்சமாக இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். 15 டிகிரியில் இலைக்கு ஒரு மணி நேரம் கழிந்தால், 35 டிகிரியில் அதே ஒரு மணி நேரத்தில் நான்கு மணி நேர வயது கூடிவிடுகிறது. இதை 'இலை மணி' என்று நான் சொல்வதுண்டு. புத்தகத்தில் இருக்கும் சொல் அல்ல. விவசாயிகளுக்கு விளக்குவதற்காக நானே வைத்துக்கொண்டது.

இப்போது கணக்கு. சித்திரை வெயில். சாதாரண மூடிய வேனில் 35 டிகிரி என்று குறைத்தே வைப்போம். கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம். நான்கால் பெருக்கினால் 10 இலை மணி. விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே சரக்கு உள்ளே போயிருக்க வேண்டும். தொற்றுத்தடுப்புச் சான்று, சுங்கம், எக்ஸ்-ரே சோதனை எல்லாம் முடிய ஐந்து மணி நேரம் என்போம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கொட்டகையில் காத்திருந்தால் அது 14 இலை மணி. ஆக 24.

சென்னைக்குக் குளிரூட்டிய வேனில் 15 டிகிரியில் ஆறு மணி நேரப் பயணம். அது ஆறு இலை மணிதான். அங்கே குளிர்அறையில் ஐந்து மணி நேரம் காத்திருப்பு, அது ஐந்து. ஏற்றும் நேரத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தது என்று எட்டைக் கூட்டினாலும் 19தான். மூன்று மடங்கு தூரம் போன இலை, பக்கத்தில் போன இலையை விட இளமையாக இருக்கிறது!

வெற்றிலைக்கு அளவுக்கு மீறிய குளிரும் ஆகாது. வெப்ப மண்டலக் கொடி அது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் நாள்கணக்கில் வைத்தால் கறுக்கத் தொடங்கும். எனவே ஐஸ் போட்டு அனுப்புவது தீர்வல்ல. கிள்ளியவுடன் வயல் சூட்டை இறக்குவது, மிதமான குளிரில் வைப்பது, ஈரம் போகாமல் காப்பது ஆகிய மூன்றும்தான் வேண்டும். நம் முன்னோர் வாழை மட்டையும் வைக்கோலும் வைத்துக் கட்டியது மூன்றாவது வேலையை நன்றாகவே செய்தது. ரயிலில் வடநாடு வரை கும்பகோணம் வெற்றிலை போனது அந்தக் கட்டோடுதான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே கணக்கைத் திருச்சிக்கும் குளிர் வேன், குளிர்அறை என்று போட்டால் இரண்டரையும் ஐந்தும் சேர்ந்து ஏழரை இலை மணிதான் வரும். சென்னை கிட்டேயே நெருங்க முடியாது. நமக்குக் குறைவது ஓடுபாதை அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

அடிவயிற்றில் இடம்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ., நான்கு மணி நேரப் பயணம். கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நாடுகளுக்கும் விமானங்கள் உண்டு. வெளிநாட்டுத் தமிழர் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் பாதை இருக்கிறது. சரக்கிலும் பெரும்பங்கு காய், பழம், பூ, இலை போன்ற அழுகும் பொருட்கள்தான். ஆனால் அவை போவது பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில். விமானங்களோ ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய ரகம். பயணிகளின் பெட்டிகள் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் இடத்தில்தான் நம் பொருள்.

தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை வந்தால் பயணிகளின் பெட்டிகள் கூடும். நம் பெட்டி இறங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் வாழை இலைக் கட்டுகளோடு விமான நிலையம் வரை போய், எடை அதிகம் என்று கடைசி நேரத்தில் இறக்கப்பட்டதால், மறுநாள் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஏற்றியபோது இலையின் ஓரம் மஞ்சளாகியிருந்தது. வாங்கியவர் பாதிப் பணம்தான் கொடுத்தார். விமான நிறுவனத்தின் விதியில் இதற்கு இழப்பீடு இல்லை.

பெரிய விமானம் வந்தால் இந்த நெருக்கடி தீரும். அதற்குத் தடை ஓடுபாதையின் நீளம். திருச்சியில் இப்போது இருப்பது ஏறக்குறைய 2,480 மீட்டர். முழுச் சுமையோடு பெரிய ரக விமானம் கிளம்ப இது போதாது. தூத்துக்குடியில் ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். புது முனையமும் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. திருச்சியில் நீட்டிப்புப் பணி, ராணுவ நிலம் உட்பட நில எடுப்பில் ஆண்டுக்கணக்காக இழுபடுகிறது. தஞ்சாவூருக்கு முனையம் கேட்டு மனு கொடுக்கும் நம் அமைப்புகள் திருச்சி ஓடுபாதைக்காக மனு கொடுத்து நான் பார்த்ததில்லை.

சரக்குக் கட்டணத்தில் நம் ஆட்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுப்பார்கள். வரும் எண்ணும் உண்மை எடையும் பார்த்து, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 30 உயரம் கொண்ட பெட்டிக்கு 12 கிலோ என்று கணக்கு. அதில் எட்டுக் கிலோ வெற்றிலையைத் தளர்வாக வைத்தால் நான்கு கிலோ காற்றுக்கும் சேர்த்துச் சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுக்கிறோம். காற்று போக இடமும் வேண்டும், இடம் வீணாகவும் கூடாது. பெட்டி வடிவமைப்பு இதனால்தான் முக்கியம். தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு என்று ஒரு பெட்டியை வடிவமைத்துத் தரும்படி நாம் கேட்கலாம்.

வாழைத்தாருக்கு விமானமே வேண்டியதில்லை. 13, 14 டிகிரியில் கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து ஊர் போய்ச் சேர்ந்து பழுக்கும் பழம் அது. விமானத்தில் வாழைப்பழம் அனுப்புவதைப் பெருமையாகச் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். விமான இடம் வெற்றிலைக்கும் பூவுக்கும் இலைக்கும் போகட்டும்.

வாய்க்கால் தண்ணீர்

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் இலை நிற்கும் இடம் இன்னொன்று உண்டு. அது வாங்கும் நாட்டின் சோதனைக்கூடம். வங்கதேசத்து வெற்றிலையில் சால்மோனெல்லா கிருமி இருந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இறக்குமதியைத் தடை செய்தது. தடை நீங்க 2021 ஆயிற்று. ஏழு ஆண்டுகள். இந்திய வெற்றிலையையும் அதே கிருமிக்காகக் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்திருந்தார்கள்.

சால்மோனெல்லா வெற்றிலைக் கொடியின் நோய் அல்ல. கிள்ளிய இலையைக் கழுவும் தண்ணீரிலும், ஈரத்துக்காகத் தெளிக்கும் தண்ணீரிலும் இருந்து வருகிறது. நம் பகுதியில் பல இடங்களில் கட்டு கட்டுவதற்கு முன் பக்கத்து வாய்க்காலிலேயே இலையை முக்கி எடுக்கிறார்கள். மேலே யார் குளித்தார்கள், எந்த மாடு இறங்கியது என்று யாருக்குத் தெரியும்? ஆழ்துளைக் கிணற்று நீரில் அளவாகக் குளோரின் கலந்து கழுவ ஒரு தொட்டி, சாய்வாக ஒரு மேடை, நிழலுக்கு ஒரு கூரை. இவை இருந்தால் போதும். ஒரு ஊருக்கு ஒன்று அமைத்தால் பல கொடிக்கால்காரர்கள் சேர்ந்து பயன்படுத்தலாம். புவிசார் குறியீடு பெயரைத்தான் காப்பாற்றும். ஒரு சரக்கு சோதனையில் தோற்றால் அந்தப் பெயரோடு சேர்ந்துதான் தோற்கும்.

சாலை வந்தது, வடிகால்?

விக்கிரவாண்டி - கும்பகோணம் - தஞ்சாவூர் நான்கு வழிச்சாலை பல ஆண்டு இழுபறிக்குப் பின் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு வருகிறது. சேத்தியாத்தோப்பு - சோழபுரம் இடையிலான 50 கி.மீ. பகுதி 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. சென்னைக்குப் போகும் வேனுக்கு இது நல்ல செய்தி. தஞ்சாவூர் - திருச்சி சாலை ஏற்கெனவே நான்கு வழிதான். ஆனால் துவாக்குடிக்கும் பால்பண்ணைக்கும் இடையில், அணுகுசாலை இல்லாத நெரிசலில் நாம் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் கரைந்துபோகிறது. இலை வேன்கள் அரைவட்டச் சாலையில் சுற்றிப் போனால் தூரம் கூடினாலும் நேரம் கூடாது.

சாலையின் மறுபக்கத்தையும் வேளாண் பக்கத்தில் சொல்லாமல் விட முடியாது. டெல்டாவின் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதற்குக் குறுக்கே உயர்த்திப் போடும் எந்தச் சாலையும் ஒரு கரைதான். மதகு எண்ணிக்கையும் அகலமும் போதவில்லை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்புறத்துச் சம்பா வயல் ஏரியாகும். கொடிக்கால் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே வேரழுகல் பிடித்துக்கொள்ளும். விமான நிலையம் என்பது இதைவிடப் பெரிய மேடு. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் எண்ணெய், எரிவாயு ஆய்வு உண்டு, உருக்காலைகள் உண்டு, தோல் பதனிடும் ஆலை உண்டு. விமான நிலையம் இல்லை. பரந்தூருக்காக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருவதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இங்கே யாரும் ஓடுபாதை கேட்க வேண்டும். தஞ்சாவூரில் இருக்கும் ஓடுபாதையோடு நிற்பது வரை நிலத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. சுற்றிலும் விரிவாக்கம் என்று பேச்சு எழும்போது மதகுக் கணக்கை முதலில் கேட்க வேண்டும்.

ராஜகிரிக்காரரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சுருக்கமாகச் சொன்னதற்கே, "அப்போ என்னதான் சார் கேக்கணும்?" என்றார்.

மாவட்ட ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கேட்கச் சொல்லி அவருக்கு எழுதிக் கொடுத்தது இது: பாபநாசம் வட்டாரத்தில் கழுவும் தொட்டியோடும், பத்து டன் கொள்ளும் மிதக் குளிர் அறையோடும் ஒரு சிப்பம் கட்டும் கூடம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்கு மானியத்தில் ஒரு குளிர் வேன், திருச்சி சரக்கு முனையத்தில் இலைக்கும் பூவுக்கும் தனிக் குளிர்அறை, தொற்றுத்தடுப்பு ஆய்வை வாரத்தில் சில நாட்களாவது சிப்பம் கட்டும் கூடத்திலேயே வந்து செய்யும் ஏற்பாடு. கடைசியாக இருப்பது நடந்தால் விமான நிலையக் காத்திருப்பில் பாதியாவது குறையும்.

அதுவரை புதுக் கொடிக்காலுக்கு அகத்தி விதைப்பவர்கள் உள்ளூர்ச் சந்தை விலையை வைத்தே கணக்குப் போடுங்கள். ஏற்றுமதிக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் ஒரு பெட்டியை மட்டும் அனுப்பிப் பாருங்கள். பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை வைத்து அனுப்பி, இலை எங்கே எத்தனை மணி நேரம் சூட்டில் கிடந்தது என்று திரும்பி வரும் பதிவில் பார்த்த பிறகு, திருச்சியா சென்னையா என்று முடிவு செய்யுங்கள்.